சம்பிகெ இருக்கும் பக்கம்

ஓசூரிலிருந்து அந்த மலைக்குப் போய்ச் சேர ஒரு பகல் போதும். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதில் முதல் நாள் நான் வீட்டை விட்டு நகரவே இல்லை. நகராத நாளையும் பயணத்தில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சேர்க்காவிட்டால் மற்ற இரண்டு நாளுக்கும் அர்த்தம் இல்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஓசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. பிறந்து வளர்ந்தது திருவாரூர்ப் பக்கம். கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாங்கள் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த மாதம் கம்பெனி அவரைப் பயிற்சிக்காகப் புனேவுக்கு அனுப்பியிருந்தது.

எங்கள் ஒரே மகள் சுகந்தி தாவரவியலில் ஆராய்ச்சி மாணவி. அஞ்செட்டிக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டிய மலையில் ஒரு சிற்றூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அடிவாரத்திலிருந்து மேலே ஏற ஏற எந்தச் செடி எந்த உயரத்தில் தொடங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று கணக்கெடுப்பது அவள் வேலை. குறிப்பிட்ட உயரங்களில் கயிறு கட்டிச் சதுரம் போடுவாள். அதற்குள் முளைத்ததையெல்லாம் எண்ணுவாள். மரத்தில் எண் போட்ட தகடு கட்டுவாள். சரிவில் இப்படிப் பதினான்கு கட்டங்கள்.

"செடியை எண்ணி என்னடி ஆகப்போகுது?" என்று ஒருமுறை கேட்டேன். "நீ எக்ஸாம் பேப்பர்ல மார்க்கை எண்ணி என்னம்மா ஆகுது?" என்றாள்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு, மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் வெங்கடேசப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். சுகந்திக்கு நான் கொடுத்தனுப்பும் பொடி வகைகளையும் துணிகளையும் கொண்டு சேர்ப்பவர் அவர்தான். பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ்.

"டீச்சரம்மா, நேத்து சாயங்காலம் மலையில ஆனைங்க எறங்கியிருக்குது. பாப்பா வேலை செய்ற பக்கமே. பாப்பா தப்பிப்போச்சாம். மாதப்பா சொல்லிடச் சொன்னான்."

மாதப்பா என்பவர் சுகந்திக்குத் துணையாக மலையேறும் உள்ளூர்க்காரர்.

பதறிக் கேட்டேன்: "அடி கிடி ஏதாவது?"

"ஒண்ணும் தெரியலீங்க."

தப்பிவிட்டாள். அடியும் ஒன்றும் தெரியவில்லை. நான் அவர் முன்னால் கைகூப்பினேன். ஆசிரியர் அறைக்குக் கூட்டிப் போய் பிளாஸ்கிலிருந்த காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"அஞ்சரை வண்டிக்கு வர்றீங்களா? முன் சீட்டுல துண்டு போட்டு வெக்கறேன்."

"இல்லப்பா, நாளைக்கும் நாளன்னிக்கும் எக்ஸாம் இருக்கு. சனிக்கிழமை காலையில வரேன்."

"சனிக்கிழமையா?" என்று கேட்டார். என் முகத்தையே பார்த்தார். வேலைக்குப் போகும் பெண்களின் பாட்டை நினைத்து இரக்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். நன்றாகத் தூங்கினேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் நன்றாகத்தான் தூங்கினேன்.

வியாழக்கிழமை மதியம். பள்ளி ஆயா ரத்தினம்மா விடைத்தாள் கட்டுகளை எடுக்க வந்தாள். கோயில் குங்குமத்தைக் கொடுத்து, "எம் பொண்ணு யானைக்கிட்டேருந்து தப்பிச்சிட்டா, ரத்தினம்மா" என்றேன். விவரம் கேட்டாள். கண்டக்டர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

அவள் கட்டுகளை மேசையில் வைத்துவிட்டாள். "தப்பிச்சிட்டுதுன்னு சொன்னாரா, தப்பிப்போச்சுன்னு சொன்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"டீச்சரம்மா, எங்கூட்டு எருமை போன மாசம் தப்பிப்போச்சு. நாலு நாள் ஊர் ஊரா தேடினோம். எங்க பாஷையில தப்பிப்போச்சுன்னா, காணாம போச்சுன்னு அர்த்தம்."

தெலுங்கிலும் அப்படித்தான், கன்னடத்தில் வழி தவறியவர்களைச் சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தான். ஓசூர்ச் சந்தையில் தக்காளி விற்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. ஒண்ணும் தெரியலீங்க என்று அவர் சொன்னதும் அடி தெரியவில்லை என்பதல்ல. ஒரு தகவலும் தெரியவில்லை என்பது.

தலைமையாசிரியையிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ரத்தினம்மா என் கைப்பையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு பன் ரொட்டியும் திணித்து என்னை இரண்டு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வெங்கடேசப்பாவின் பஸ் அல்ல, வேறு பஸ்.

திருவாரூரில் பஸ்ஸில் உட்கார்ந்தால் அடுத்த ஊர்க் கோபுரம் இங்கிருந்தே தெரியும். எங்கள் ஊரில் உயரம் என்பது கோபுரமும் தென்னையும்தான். வயலில் விளைவதெல்லாம் நாங்கள் வரிசையாக நட்டது. இங்கே தேன்கனிக்கோட்டையைத் தாண்டியதும் பஸ் வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே இருந்த பச்சை வேறு பச்சையாக மாறியது. இதில் என் பெண் எங்கே என்று ஒவ்வொரு புதரையும் பார்த்தேன். அறிவில்லாத செயல்தான்.

மலைப்பாதையில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் இருந்தது. ஒன்றரை மணி நேரம் பாறையோரம் உட்கார்ந்திருந்தோம். காலித் தக்காளிக் கூடைகளோடு ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இருவர் பீடி பற்றவைத்துக் கன்னடத்தில் பேசினார்கள். எனக்குப் பாதி புரிந்தது.

"கயிறு போட்டு மரத்தை எண்ணுமே ஒரு பெண், அதுதான் காணோமாம்."

"யானை மிதித்திருக்கும். மூன்றாம் நாள் ஆகிறது."

"இந்த வயசுப் பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்பியிருக்கிறாளே, அவளெல்லாம் ஒரு தாயா?"

"தாய் ஓசூரில் டீச்சராம். சொல்லியனுப்பியும் வரவில்லையாம்."

என் பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் புடவையை, கைக்கடிகாரத்தை, மடியிலிருந்த பையைப் பார்த்தாள். புரிந்திருக்க வேண்டும். அவர்களை நோக்கிக் கன்னடத்தில், "பீடியை அந்தப் பக்கம் போய்க் குடியுங்கள், கோழிக்கு மூச்சு முட்டுகிறது" என்று அதட்டினாள். அவர்கள் எழுந்து போனார்கள். அவள் வெற்றிலையில் பாதியைக் கிழித்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மாதப்பா ஊர் முனையில் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். காலில் கீறல்கள், சட்டையெல்லாம் முள் கிழித்த தடம்.

"நேத்தே வருவீங்கன்னு பாத்தோம், அம்மாவுரே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதனால் இன்னும் வலித்தது.

செவ்வாய்க்கிழமை அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். தனியாக மலையேறாதே என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். அவள் தனியாகவே ஏறியிருக்கிறாள். இருட்டிய பிறகும் திரும்பவில்லை. சரிவில் யானைகள் பிளிறும் சத்தம் கேட்டிருக்கிறது. புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ஊர் ஆண்கள் முப்பது பேர், கட்டம் கட்டமாக, ஒன்று முதல் பதினான்கு வரை தேடியிருக்கிறார்கள். யானை லத்தி கிடைத்தது. முறிந்த மூங்கில் கிடைத்தது. வேறொன்றும் இல்லை.

அவர் மனைவி கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். எனக்குக் களியை மெல்லத்தான் தெரியும், விழுங்கத் தெரியாது. தொண்டையில் நின்றது. "மெல்லாதீங்கம்மா, முழுங்குங்க. நாளைக்கி மலை ஏறணும்" என்றாள். ஓசூருக்குத் திரும்பிப் போங்கள் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுகந்தியின் அறைக்குள் போனேன். மடித்த போர்வை, செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்த இலைகள், மேசைமேல் ஒரு நீள நோட்டு. மலையில் சட்டைப்பை நோட்டில் கிறுக்கியதை ஒவ்வொரு மாலையும் இதில் நன்றாக எழுதிவைப்பாள். புரட்டினேன். கட்டத்தின் எண், உயரம், லத்தீன் பெயர், பக்கத்தில் மாதப்பா சொல்லும் பெயர் தமிழ் எழுத்தில். கடைசிப் பக்கம் திங்கட்கிழமை. அதுவும் பெயர்களும் எண்களும்தான். எனக்கென்று ஒரு வரியும் அதில் இல்லை. மூடினேன். ஆனாலும் அவள் பொருள் ஏதாவது கையில் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அதுவரை யாரும் அதைத் திறந்திருக்கவில்லை.

மாதப்பாவும் இன்னும் நாலு பேரும் முன்னால் நடந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் முட்புதர். சூடு. என் குரல் எனக்கே கேட்க வேண்டும்போல் இருந்ததால் நோட்டைத் திறந்து சத்தமாகப் படித்தேன்.

"ஒன்றாம் கட்டம். ஜாலி. சீகே. முத்துகா."

மாதப்பா நிற்காமலே கையை நீட்டினார். "ஜாலி, அதோ. சீகே, உங்க பொடவையில மாட்டியிருக்குது பாருங்க. முத்துகா, அந்தப் பெரிய எலை." எங்கள் ஊரில் வேலம், சீயக்காய், புரசு என்போம். புரசை நான் சாப்பாட்டுக்குத் தைக்கிற இலையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஓடை ஒன்றைக் கடந்தோம். கரையில் மட்டும் வழவழப்பான வெள்ளைப் பட்டையோடு பெரிய மரங்கள் நின்றன. கிளையில் பூனை அளவு சாம்பல் நிற அணில் ஒன்று எங்களைப் பார்த்து அதட்டியது. "இது தண்ணிய விட்டு நவுராது. இந்த மரம் எதுவரைக்கும் இருக்குதோ அதுவரைக்குந்தான் இதுவும்" என்றார் மாதப்பா. ஐம்பது அடி தள்ளினால் அந்த மரமும் இல்லை, அணிலும் இல்லை.

ஐந்தாம் கட்டம், திண்டிகா மரம். ஏழாம் கட்டம், ஒன்னே, அதுதான் வேங்கை. ஒன்பதாம் கட்டத்தில் மூங்கில் வந்தது. நான் படிக்கப் படிக்க மலை அதே வரிசையில் எதிரே வந்துகொண்டிருந்தது. வகுப்பில் நான் வருகைப் பதிவு எடுப்பதுபோல, ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் நின்றது. இத்தனை பேரையும் சரியாக எழுதியிருக்கிறாள், அவளை மட்டும்தான் எந்தப் பக்கத்திலும் காணோம் என்று நினைத்தேன்.

மூங்கிலுக்கு மேலே வெயில் குறைந்தது. மரங்கள் குட்டையாயின. இடையிடையே புல். குட்டை ஈச்சைகள் புல்லிலிருந்து விசிறிபோல எழுந்து நின்றன. பதினொரு மணிக்குப் பதினான்காம் கட்டத்தில் நின்றோம். தகடு காற்றில் ஆடியது. அதற்கு மேலே மலைமுகடு, முகட்டில் மூடுபனி. நாலு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது, இனி கீழே யானைத்தடத்தோடு போகலாம் என்றார் ஒருவர்.

நான் திங்கட்கிழமைப் பக்கத்தைப் படித்து முடித்தேன். பட்டியலுக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. காலையில் நான் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிய வரிகள்.

"கட்டத்துக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு சருகு. சம்பிகெ மாதிரி. எங்கிருந்து?"

சம்பிகெ என்றால் செண்பகம் என்று தெரியும். எங்கள் ஊரில் அக்கிரகாரத் தோட்டங்களில்கூட இருக்கிற மரம். அதனால்தான் காலையில் அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

மாதப்பா எழுந்து நின்றுவிட்டார். "இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"சம்பிகெ இந்தப் பக்கம் இல்ல, அம்மாவுரே. ஒரு மரம்கூட இல்ல. இந்தப் பக்கம் வெயில் பக்கம். அது மழ பக்கத்து மரம்." முகட்டுக்கு மேலே கையைக் காட்டினார். "அந்தப் பக்கம் ஒரு பள்ளம். அதுல மூணு மரம் இருக்குது. அது கர்நாடகா. நான் பாப்பாவுக்கு அதக் காட்டினதே இல்ல. காத்துல எல தாண்டி வந்திருக்கும்."

"அவ அங்கே போயிருப்பாளா?"

"உங்க பொண்ணு போவாமே இருக்குமா?" என்றார்.

முகட்டைத் தாண்டிய இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது அடிக்குள் இன்னொரு ஊருக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. மண் கறுப்பு. மரங்களில் பாசி. கிளைகளில் பெரணிகள் தொங்கின. நாங்கள் மூன்று மணி நேரமாகப் பெயர் சொல்லிவந்த எதுவும் இங்கே இல்லை. நோட்டில் இந்தப் பக்கத்துக்கு ஒரு பக்கமும் இல்லை. மூடினேன்.

கீழே, பனிக்குள்ளிருந்து சீழ்க்கை கேட்டது. மெதுவாக, மேலும் கீழுமாக, யாரோ மறந்துபோன பாட்டைத் தேடுவதுபோல. "சுகந்தி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வழுக்கி விழுந்தேன். மாதப்பா தூக்கிவிட்டார்.

"அது பட்சி, அம்மாவுரே. நீலக் குருவி."

அழுதேன். அவர் அவசரமாகச் சொன்னார்: "அழாதீங்க. அது தண்ணி ஓடற பள்ளத்துலதான் இருக்கும். அப்ப கீழ தண்ணி இருக்குது. மூணு நாள்னாலும் தண்ணி இருந்தா..." சத்தம் வந்த பக்கம் இறங்கத் தொடங்கினார்.

முதல் சம்பிகெ மரத்தடியில் யாரும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது மரம் ஓடைக்கு மேலே ஒரு பாறைத் திட்டில் நின்றது. அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை நீட்டியபடி, என் மகள் உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. கணுக்கால் பனங்காய் அளவு வீங்கியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

நான் அவளை நோக்கிப் போனேன். கண் திறந்தது.

"அம்மா, கயித்தை மிதிக்காதே."

குனிந்து பார்த்தேன். அவள் கைக்கு எட்டிய தூரம் மட்டும், கோணல்மாணலாக, நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தாள். உள்ளே விரல் நீளச் செண்பகக் கன்றுகள். எண்ணியிருந்தாள். அறைந்துவிடலாம்போல் இருந்தது. கயிற்றை மிதிக்காமல் சுற்றிப் போய்த்தான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஒருவர் போர்த்தி வந்த போர்வையைக் கழியில் கட்டித் தூளியாக்கி நாலு பேரும் அவளைத் தூக்கி வந்தார்கள். வழியில் வலியை மறக்கப் பேசிக்கொண்டே வந்தாள். மரத்தைக் கண்ட சந்தோஷத்தில் பாசிப் பாறையில் கால் வைத்தாளாம். யானையை அவள் பார்க்கவே இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் மதியம், ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

"நான் கணக்குப் போட்டு வெச்சிருந்தேம்மா. செவ்வாக்கிழமை நான் திரும்பலை. புதன்கிழமை மாதப்பா ஆள் அனுப்புவார். சாயங்காலம் உனக்குத் தெரிஞ்சுடும். அஞ்சரை பஸ்ல ஏறுவே. வியாழக்கிழமை காலையில நோட்டைப் பார்ப்பே, சம்பிகென்னு இருக்கும், மத்தியானம் வந்துடுவே. அப்படிப் பங்கு பிரிச்சுத்தான் பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். கடைசி பிஸ்கட் வியாழக்கிழமை மத்தியானம்."

அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

"ஏம்மா, ஒரு நாள் தள்ளிப்போச்சு?"

"பஸ்" என்றேன். "பஸ் வழியில நின்னுடுச்சு. டயர் வெடிச்சு. ஸ்டெப்னியும் இல்ல."

ஒன்றரை மணி நேரத்தை ஒரு நாளாக இழுத்துவிட்டேன். அவள் நம்பினாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்த பஸ்ஸைத் திட்டினாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபின், அறையைக் காலி செய்து அவளை ஒரேயடியாகக் கூட்டி வந்துவிடுவதென்று நானும் அவள் அப்பாவும் பேசி வைத்திருந்தோம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவரும் ஊர் திரும்பியிருந்தார். ஆனால் அவருக்கு லீவு கிடைக்காததால் நான்தான் அவளோடு மலைக்குப் போனேன். காலை பஸ். வெங்கடேசப்பாவின் பஸ். முன் சீட்டில் துண்டு போட்டு இடம் வைத்திருந்தார். சுகந்தி தடியை ஊன்றி ஏறினாள்.

டிக்கெட் கிழிக்க வந்தவரைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "என்ன கண்டக்டரே, அன்னிக்கு எங்கம்மாவை நடுவழியில ஒரு நாள் பூரா நிக்க வெச்சுட்டீங்களாமே? இதென்ன பஸ்ஸா, கட்டை வண்டியா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் புதன்கிழமை காப்பி டம்ளரோடு பார்த்த அதே மனிதர். பஸ்ஸில் இருந்த நாலைந்து பேரும் பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள். அவர் விசிலைக் கையில் உருட்டினார்.

"ஆமா பாப்பா" என்றார். "அன்னிக்கி எங்க வண்டி சரியில்ல. எங்க தப்புதான். மன்னிச்சிடு."

சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். பஸ் தேன்கனிக்கோட்டை ரோட்டில் திரும்பியது. சுகந்தி ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"பஸ் சரியாத்தான் வந்தது" என்றேன்.

அவள் திரும்பினாள்.

"புதன்கிழமை அஞ்சரைக்கு இதே பஸ் வந்தது. இவர் எனக்கு இடம்கூட வெக்கறேன்னார். நான்தான் ஏறலை."

சொன்னேன். அந்தச் சொல்லை, காப்பியை, தேங்காயை, தூங்கியதை. ஒன்றையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முகம் வெளுத்தது. இரண்டு ஊர்கள் கடந்து போயின. அவள் என் கையைப் பிடிக்கவில்லை. பிடிப்பாள் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

கடைசியில், "வேற யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள்.

"கேட்டிருக்கலாம்."

வளைவுகள் தொடங்கின. வெளியே பச்சை மாறிக்கொண்டிருந்தது. காலி செய்வதைப் பற்றி நான் பேசவில்லை. அந்த ஒரு நாளைத் தொலைத்தவள் அவளிடம் வேறு எந்த நாளையும் கேட்க முடியாது என்று தோன்றியது. மலையில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மாதப்பா வந்து மூட்டைகளை வாங்கிக்கொண்டார். நான் இறங்கவில்லை. வெங்கடேசப்பா விசிலைக் கொடுக்காமல் காத்திருந்தார். சுகந்தி தடியை ஊன்றிச் சிறிது தூரம் போய் நின்றாள். திரும்பி, அங்கிருந்தே உரக்கச் சொன்னாள்:

"அந்தப் பக்கத்துல கட்டம் போட இன்னும் ஆறு மாசம் ஆகும்மா."

நான் தலையசைத்தேன். அவள் நான் தலையசைக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.